பின்னால் போகும் பொத்தான்

டண்டீ நகர நூலகத்தில்
புத்தகம் திருப்பித் தரும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே
எங்களுக்கு ஒரு மடக்கு மேசை.
"ஐந்து நிமிடம் தந்தால் பிஸ்கட்" என்று
அட்டையில் எழுதி நிறுத்தினாள் எய்லி.
வந்தவர்களில் பாதிப்பேர் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள்.
திரும்பி வரும்போது பிடித்துக்கொண்டோம்.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க உதவித்தொகை.
அதற்கு ஒரு விண்ணப்பம், கைப்பேசியில்.
அடுத்த மாதம் ஊருக்கே திறக்கப்போகிறார்கள்;
அதற்குள் யார் எங்கே இடறுகிறார்கள் என்று
பார்த்துச் சொல்ல வேண்டும்.

"சோதனை உங்களுக்கில்லை,
இந்தப் படிவத்துக்குத்தான்."
காலையிலிருந்து ஆறு பேரிடம் சொன்னேன்.
ஆறு பேரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

தள்ளுவண்டியோடு வந்தவள்
ஒற்றைக் கட்டைவிரலால் முடித்துவிட்டாள்.
அதற்குள் பிஸ்கட்டின் உறையைக்
குழந்தை தின்றிருந்தது.
பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்
பிறந்த ஆண்டு 1066 என்றான்.
படிவம் மறுபேச்சில்லாமல் நம்பியது.
கண்ணாடியை மறந்துவந்த அம்மாள்
திரையை என் மூக்கருகே நீட்டி
நீயே படியேன் என்றாள்.
உதவக் கூடாது என்பது விதி.
நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

மர்டோ, கேட்காமலே பெயரைச் சொன்னார்.
என் தாளில் அவர் பங்கேற்பாளர் ஆறு.
டே ஆற்றின் காற்றும் மழையும்
இன்னும் தொப்பியில் சொட்டிக்கொண்டிருந்தன.
மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன்.
சொன்னார்.
பெயர், நல்லது.
தெரு, நல்லது.
அஞ்சல் குறியீடு, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா,
யார் கண்டது, நல்லது.

நான்காம் கேள்வி:
உங்கள் வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்?

2 என்று தட்டினார்.
வாய் நின்றது.
நூலகத்தின் கதவு திறந்து மூடியது,
திறந்து மூடியது.
அழித்தார்.
1 என்று தட்டினார்.

நாற்பத்தொரு வினாடி.
"தயக்கம். கேள்வி புரியவில்லையோ?"
என்று எழுதினேன்.
எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த பக்கம் மின்மீட்டர் எண்ணைக் கேட்டது.
எண் நினைவிருந்தது அவருக்கு.
தெருப் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டோமோ
என்றுதான் சந்தேகம்.
பின்னால் போகும் பொத்தானை அழுத்தினார்.
எல்லாக் கட்டமும் காலி.

"என் தப்புதான், என் தப்புதான்."
இல்லை, எங்களுடையது என்றேன்.
காதில் விழவில்லை; முதலிலிருந்து தொடங்கிவிட்டார்.
பெயர்.
தெரு.
அஞ்சல் குறியீடு.
இந்தத் தடவை எதுவும் நல்லதாயில்லை.

போதும், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று
நான் சொல்லியிருக்கலாம்.
பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

நான்காம் கேள்வி.
1.

நான்கே வினாடி.
அட்டவணையில் பார்த்தால்
இரண்டாம் முயற்சியில் நல்ல முன்னேற்றம்.

பிஸ்கட் தட்டை நீட்டினேன்.
பார்க்காமலே இரண்டு எடுத்தார்.
எடுத்ததைப் பார்த்தார்.
இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
பேருந்துக்குப் போனார்.

மாலையில் கூட்டம்.
1066க்கு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
பிறகு சொன்னேன்,
பின்னால் போனால் எழுதியதெல்லாம் அழிகிறது,
முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.
க்ரேகர் நிமிரவில்லை.
"எத்தனை பேருக்கு நடந்தது?"

"ஒருவருக்கு."

"ஒரே ஒருவருக்கா?"

எய்லி பிஸ்கட் தூளை
மேசை விளிம்புவரை கூட்டிக்கொண்டு போனாள்.

"ஒருவருக்கு.
ஆனால் அவர் அதை
இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது."

எதை என்று யாரும் கேட்கவில்லை.
முன்னுரிமை: நடுத்தரம்
என்று தட்டினார் க்ரேகர்.
ஏதோ தோன்றித் தலையை நிமிர்த்தி
என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

அழித்தார்.